கூட்டி வைத்த பத்து நிமிஷம்

ரத்தம் எடுப்பதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது. தாளில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. ரத்தம் எடுத்த நேரம் காலை எட்டு பத்து. பரிசோதனை முடிந்த நேரம் ஏழு ஐம்பது. கீழே பச்சை மையில் கையெழுத்து, அதன்மேல் ரப்பர் ஸ்டாம்பின் ஊதா வட்டம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. காலம் மட்டும் பின்பக்கமாக நடந்து போயிருந்தது.

அந்தத் தாள் முதலில் என் காதுக்குத்தான் வந்தது, கண்ணுக்கு அப்புறம். காரணம், அது வந்தபோது நான் மேஜைக்கு அடியில் கிடந்தேன்.

அப்போது எனக்கு மன்னார்புரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடை என்பது பெயருக்குத்தான். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஸ்க்ரூடிரைவர் பையோடு மொபட்டில் அலைந்துகொண்டே இருப்பேன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவனுக்கு வாய்த்த தொழில். காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஒரு வரி தோன்றும், இறங்கும்போது மறந்துபோகும். எழுதாமல் ஆற்றோடு போன வரிகள்தான் எனக்கு அதிகம்.

அன்று ஸ்ரீரங்கத்துக்குப் போனது ஒரு பிரிண்டருக்காக. ஸ்டேஷனிலிருந்து ராஜகோபுரத்துக்கு வரும் வழியில் ஒரு சந்து திரும்பினால் அந்த வீடு. வீட்டின் முன்பாதி லேப், பின்பாதி குடித்தனம். லேப் நடத்தியவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பல வருஷம் ஆஸ்பத்திரிகளில் யார் யாருக்கோ ரத்தம் சோதித்துக் கொடுத்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது சொந்தமாகப் பலகை மாட்டியவர். கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டிய கை, இப்போது முன்னறையில் பில் போட்டது. எல்லாருக்கும் அவர் கார்டு சார். அவருக்கும் அதில் சந்தோஷம்.

கம்ப்யூட்டர் மூன்று. கார்டு சாரிடம் ஒன்று. ஆள் வந்ததும் பெயரும் நேரமும் அதில்தான் ஏறும். உள்ளே பரிசோதனை மெஷினோடு இணைத்தது ஒன்று. முடிவு அதிலிருந்து வரும். அக்கா கையெழுத்துப் போடும் தடுப்புக்குள் இன்னொன்று. அங்கே தாள் அச்சாகும். மூன்றையும் ஒரு கேபிளால் கோர்த்திருந்தேன். இன்டர்நெட் கிடையாது. அது வந்தால் வைரஸ் வரும் என்பது கார்டு சாரின் தீர்மானம்.

கார்டு சார் அன்று ஊரில் இல்லை. மருங்காபுரிப் பக்கம் ஏதோ காதுகுத்து. பெஞ்சில் நாலைந்து பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். வெறும் வயிற்றுக்காரர்களின் கூட்டம் தனி ரகம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். நான் மேஜைக்கு அடியில் கேபிளைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு ஜோடித் தோல் செருப்பு எனக்கு நேராக வந்து நின்றது.

“யாரும்மா இங்க ரிப்போர்ட்டு குடுக்கறது?”

“நான்தாங்க. சொல்லுங்க.”

“நேத்து நான் எத்தன மணிக்கு வந்தேன்?”

“காலைல வந்தீங்க. சுகர் பாக்கறதுக்கு.”

“எட்டு பத்து. என் வாட்ச்ல எட்டு பத்து. உங்க பில்லுலயும் எட்டு பத்து. சரிங்களா? இப்ப இதப் படிங்க. ரிசல்ட்டு எத்தன மணிக்கு வந்திருக்கு?”

தாள் பிரியும் சத்தம் கேட்டது.

“ஏழு அம்பது,” என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

“எடுக்காத ரத்தத்துல சர்க்கரை இருக்குன்னு எப்புடிம்மா கண்டுபுடிச்சீங்க? சோழி போட்டுப் பாத்தீங்களா?”

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். வெறும் வயிற்றுச் சிரிப்பு, காற்று அதிகம்.

“கம்ப்யூட்டர்ல டைம் ஏதோ தப்பா விழுந்திருக்குங்க.”

“டைம் தப்புன்னா சர்க்கரையும் தப்புதான? அதே மிஷின்தான ரெண்டையும் சொல்லுது?”

நான் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினேன். அறுபதைத் தாண்டிய மனிதர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் பேனா, இடது மணிக்கட்டில் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய வாட்ச். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கி வந்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

“இவர் யாரு, கீழேருந்து வர்றாரு? இவர்தான் சர்க்கரையப் போடுறவரா?”

“கம்ப்யூட்டர் பாக்கறவருங்க,” என்றார் அக்கா. “வேணும்னா இன்னொரு தடவ எடுத்துப் பாத்துரலாங்க. காசெல்லாம் வேணாம்.”

“சாப்பிட்டுட்டேன்.”

“நாளைக்கு வெறும் வயித்துல வாங்களேன்.”

“வரேன். ஊசி குத்திக்க இல்ல, பதில் கேக்க வரேன். பதில் சரியில்லன்னா இந்தப் பேப்பரோட நேரா டாக்டர்கிட்டதான் போவேன்.”

செருப்பு திரும்பிப் போனது. அதன் பின்னால் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் போகும்போது, கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். வரமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அக்கா அதே தாளின், ஃபைலில் வைத்திருந்த பிரதியை என் கையில் கொடுத்தார். தெருமுனை டாக்டர் அனுப்பும் ஆட்களை நம்பித்தான் அந்த லேப் ஓடியது. அவர் மேஜைமேல் இந்தத் தாள் போய் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அக்கா விளக்கவில்லை. ஊசியைப் பிடித்து நடுங்காத அந்த விரல்கள் அன்றைக்குப் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தன.

“தம்பி, நான் ஒரு நாளும் மெஷின்ல வைக்காம நம்பர் போட்டதில்ல.”

“தெரியும்க்கா.”

“உங்களுக்குத் தெரியும். அவருக்கு?”

பிரிண்டரை மறந்துவிட்டு மூன்று திரைகளின் மூலையையும் பார்த்தேன். எத்தனை முறை இந்த லேபுக்கு வந்திருப்பேன்; வலது ஓரத்துச் சின்ன எழுத்தை ஒருநாளும் ஒப்பிட்டதில்லை. யாருமே பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று வயதில் இருப்பது மாதிரி, மூன்று கம்ப்யூட்டரும் மூன்று நேரத்தில் இருந்தன. அக்காவுடையது மட்டும் என் போனோடு ஒத்துப்போனது. உள்ளே மெஷினோடு இருந்தது அரைமணிக்கு மேல் பின்தங்கிக் கிடந்தது. முன்னறையிலிருந்தது பத்து நிமிஷம் முன்னால் ஓடியது.

பின்தங்கியதன் காரணம் சுலபம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் அதற்குள் நேரம் நகர வேண்டும். அதற்காக உள்ளே ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். உள்ளறைக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். பேட்டரி செத்துப்போயிருந்தால் தேதியே பல வருஷம் பின்னால் போயிருக்கும், யாராவது கவனித்திருப்பார்கள். இது சாகக் கிடந்தது. லேபை மூடும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது கார்டு சாரின் பழக்கம். இரவெல்லாம் அந்தச் சின்ன நாணயம் இருட்டில் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு நேரத்தைச் சுமந்திருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போட்டிருக்கிறது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு அதன்மேல் கோபமே வரவில்லை.

புதிய பேட்டரி போட்டேன். மூன்றையும் என் போனைப் பார்த்துச் சரிசெய்தேன். இனிமேல் ஒன்றுக்கொன்று பிசகக் கூடாது என்று, மற்ற இரண்டும் காலையில் கண் விழித்ததும் முன்னறைக் கம்ப்யூட்டரிடம் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்தேன். எல்லாரும் முதலில் தொடுவது அதைத்தான். முன்னறையிலிருந்தது ஏன் பத்து நிமிஷம் முன்னால் ஓடியது என்று யோசித்தேன். சில இயந்திரங்கள் அப்படித்தான் ஓடும் என்று விட்டுவிட்டேன்.

“சரியாயிருச்சாப்பா?”

“மூணும் ஒரே நேரம்க்கா. நாளைக்கு அவர் வரும்போது நான் இருக்கேன். திரையைத் திருப்பிக் காட்டிருவோம்.”

மறுநாள் காலை பாலத்தில் வரும்போது ஆற்றில் தண்ணீர் குறைவு. மணல் திட்டுகளில் கொக்குகள், சாயம் போன சட்டைகளைக் காயப் போட்டது மாதிரி. நான் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பேட்டரியைக் காட்ட வேண்டும். கேபிளைக் காட்ட வேண்டும். “ஐயா, காலத்தை ஒரு கயிற்றில் கட்டிவிட்டேன்” என்று ஒரு வரி தோன்றியது. அழகாகத்தான் இருந்தது. பொன்மலைக்காரரிடம் சொன்னால் அடி விழும் என்று அதையும் ஆற்றில் விட்டேன்.

லேபில் கார்டு சார் திரும்பி வந்திருந்தார். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, ஊதுபத்தி காட்டி, நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் பக்கத்துத் தெரு மாமி. மாதாமாதம் வருகிறவர், மடியில் கோயில் துளசி ஒரு பொட்டலம்.

நான் மூன்று திரைகளையும் பெஞ்சைப் பார்க்கத் திருப்பினேன். உள்ளறைக் கதவைத் திறந்து வைத்தேன். மூன்றிலும் எட்டு ஐந்து. அச்சுப் பிசகாமல் எட்டு ஐந்து. மூன்று குழந்தைகள் ஒரே வாய்ப்பாட்டைச் சேர்ந்து சொல்வது போல இருந்தது. பெருமையாகப் போனை எடுத்தேன்.

ஏழு ஐம்பத்தைந்து.

மறுபடி பார்த்தேன். முந்தைய நாள் நானே சரிசெய்த நேரம். ஒரு கம்ப்யூட்டர் ஓடியிருந்தாலும் பரவாயில்லை, மூன்றும் சொல்லிவைத்தாற்போல் பத்து நிமிஷம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கின்றன. வைரஸ் என்று நினைத்தேன். போன் தப்போ என்று நினைத்தேன். அதற்குள் வாசலில் அந்தத் தோல் செருப்பு.

பொன்மலைக்காரர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக மூன்று திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தார்.

“எட்டு அஞ்சு,” என்றார். “கரெக்ட்டாத்தான இருக்கு?”

என் போனை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த அறையில் அது ஒன்றுதான் வேறு நேரம் சொன்னது.

“கரெக்ட்டு பண்ணியாச்சுங்க,” என்றார் அக்கா. நிம்மதி அவர் முகத்தில் பாதி ஏறியிருந்தது.

அப்போதுதான் பெஞ்சிலிருந்து மாமி வாயைத் திறந்தார்.

“எட்டஞ்சுன்னா ஏழு அம்பத்தஞ்சுன்னு அர்த்தம். பத்து கழிச்சுக்கணும். நான் எப்பவும் அப்படித்தான் பாப்பேன்.”

“எதுக்கு மாமி கழிக்கணும்?” என்றேன்.

“இவாத்துக் கடியாரம் அப்படித்தானேப்பா! இந்தத் தெருவுக்கே தெரியுமே. உனக்குத் தெரியாதா?”

எல்லாரும் கார்டு சாரைப் பார்த்தோம். அவர் பில் புத்தகத்தை நேராக்கி வைத்தார். மறுபடியும் நேராக்கி வைத்தார்.

“நான்தான் வெச்சேன்,” என்றார். “காலைல வந்து பாத்தேன், பத்து நிமிஷம் கம்மியா இருந்துச்சு. யாரோ குறைச்சு வெச்சிருக்காங்கன்னு கூட்டி விட்டேன்.”

“என்னங்க நீங்க!” அக்காவின் குரல் இப்போதுதான் ஏறியது. “வீட்டுல செவுத்துக் கடியாரத்த கூட்டி வெப்பீங்க, சரி. இதுலயுமா?”

“எனக்கு இதுவும் வீடுதானேடி.”

“நாப்பது வருஷம் ரயில ஓட்டுன மனுசன்!”

“ஓட்டுனது டிரைவர். நான் பின்னாடி நின்னேன்.” பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் கெஞ்சலாகச் சொன்னார். “தம்பி, வண்டி நேரம் வேற, வீட்டு நேரம் வேற. வண்டில ஒரு நிமிஷம் பிசகினா மெமோ குடுப்பான். அதுக்காகத்தான் வீட்டுல கூட்டி வெக்கிறது. வீட்டுக் கடியாரம் சரியா இருந்தா எவன் டூட்டிக்கு நேரத்துக்குப் போவான்?”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கார்டு சார் தினமும் காலையில், டூட்டி ஏறும் முன் பார்ப்பது போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கம்ப்யூட்டரைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருக்கிறார். நான் போய், மற்ற இரண்டையும் அவரிடமே நேரம் கேட்கச் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒரு மனிதரின் பழக்கத்தை மூன்று அறைக்கும் கேபிள் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

பொன்மலைக்காரரிடம் விளக்க வாயெடுத்தேன். பழைய பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கார்டு சாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த லைன்?”

“விழுப்புரம். அப்புறம் கொஞ்ச நாள் ஈரோடு.”

“நான் பொன்மலை. ஒர்க்‌ஷாப்.”

“அதான் பாத்தேன்,” என்றார் கார்டு சார். “உங்க வாட்சும் பத்து நிமிஷம் முன்னாடிதான் போகுது.”

மாமிதான் முதலில் சிரித்தார். பிறகு கார்டு சார். அப்புறம் பொன்மலைக்காரர் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, முடியாமல் சிரித்துவிட்டார். நல்ல உயரமான சிரிப்பு. முந்தைய நாளெல்லாம் அதை எங்கே வைத்திருந்தாரோ.

“எங்க வூட்டுல எல்லாக் கடியாரமும் அப்புடித்தான்,” என்றார். “எம்பொண்டாட்டி மட்டும் கழிக்காமப் பாப்பா. சோறு எப்பவும் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துரும்.”

எனக்கு என் வீடு நினைவுக்கு வந்தது. என் அப்பாவும் அதே ஒர்க்‌ஷாப்தான். பொன்மலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் சுவர்க் கடிகாரமும் பத்து நிமிஷம் கூடத்தான். காலையில் வேலைக்குச் சங்கு ஊதும்போது ஆள் கேட்டில் நிற்க வேண்டும், வீட்டில் நிற்கக் கூடாது என்பார். ஆனால் சங்கு இல்லாத நாளிலும் அந்தப் பத்து நிமிஷம் எங்களை விடவில்லை. முக்கொம்பு அணைக்கட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் வருவதற்கு முன்பே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்போம். கையில் வேர்க்கடலைப் பொட்டலம், தூக்குவாளியில் புளியோதரை, அம்மாவின் தலையில் கனகாம்பரம். “இப்பவே எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க” என்று அம்மா சொல்வாள். அப்பா பஸ் வரும் திசையைப் பார்ப்பார். அந்தக் காத்திருப்பில்தான் அவர் எங்களோடு பேசுவார். மற்ற நேரமெல்லாம் வேலை, தூக்கம், பேப்பர். முக்கொம்பில் என்ன பார்த்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பஸ் ஸ்டாண்டில் அப்பா கடலைத் தோலை உள்ளங்கையில் வைத்து ஊதியது அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது, எதிரே சிரிப்பு நின்றுபோயிருந்தது.

பொன்மலைக்காரர் இப்போதுதான் என் கையிலிருந்த பேட்டரியைப் பார்த்தார். வாங்கினார். பெருவிரலால் தடவினார்.

“பத்து நிமிஷம் அவரு கூட்டுனது. மிச்சம் இது குறைச்சது. அப்படித்தான?”

“ஆமாங்க. ரத்தம் எடுத்தது உண்மையில எட்டு மணிக்கு. டெஸ்ட் முடிஞ்சது எட்டரைக்குக் கொஞ்சம் முன்னாடி. மெஷின் ஒழுங்காத்தான் பாத்திருக்கு. பக்கத்துல இருந்த கடியாரம்தான் பொய் சொல்லிருச்சு.”

“மெஷின் ஒழுங்காத்தான் பாத்திருக்கு,” என்று மெதுவாகத் திரும்பச் சொன்னார்.

மூன்று திரைகளிலும் நிமிஷம் மாறியது. அக்காவுக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம் இருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தில் அது இல்லை. அவர் அந்த மனிதரின் உதடுகளைப் பார்த்தார். வறண்டிருந்தன.

“ஐயா, காலைல எதாச்சும் சாப்பிட்டீங்களா?”

அவர் சுவரைப் பார்த்தார். “இல்லம்மா.”

“காப்பி?”

“இல்ல.”

பதில் கேட்கத்தான் வருவேன், ஊசி குத்திக்கொள்ள அல்ல என்று சத்தம் போட்டுவிட்டுப் போனவர், வெறும் வயிற்றோடு வந்திருந்தார். தாளில் நேரம் தப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்த முந்தைய காலையில் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த இருபது நிமிஷப் பிசகைக் கயிறு போலப் பிடித்துக்கொண்டு ராத்திரியைக் கடந்திருக்கிறார். அதைத்தான் நானும் கார்டு சாரும் சேர்ந்து சிரிக்கச் சிரிக்கப் பிடுங்கிவிட்டோம்.

“உக்காருங்க,” என்றார் அக்கா. “தம்பி, மொதல்ல நேரத்த சரியா வைங்க. மூணுலயும்.”

வைத்தேன். முன்னறையில் கார்டு சாரே எழுந்து நின்று, எனக்கு இடம் விட்டார். அவர் முன்னால் அந்தப் பத்து நிமிஷத்தைக் குறைத்தபோது என்னவோ அவருடைய உடைமை எதையோ எடுப்பது போல இருந்தது. “இதுல இனிமே யாரும் மாத்த முடியாதபடி பாஸ்வேர்டு போட்டுடட்டுமா சார்?” என்றேன்.

“போடுங்க. எனக்குச் சொல்லிராதீங்க.”

பொன்மலைக்காரர் விரல்களை மடக்கிக் கையை நீட்டினார். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் பேசினார்.

“உங்க அப்பா என்ன பண்றாரு தம்பி?”

“இல்லீங்க. இருந்தவரைக்கும் உங்க ஒர்க்‌ஷாப்தான்.”

“அப்படியா! வூட்டுக் கடியாரம் எப்படி?”

“பத்து நிமிஷம் கூட.”

“ம்,” என்றார். ஊசி வெளியே வந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

முடிவு வரும்வரை அவர் போகவில்லை. மாமி ரத்தம் கொடுத்துவிட்டு, துளசியில் இரண்டு இலை கிள்ளி அவர் கையில் வைத்துவிட்டுப் போனார். கார்டு சாரும் அவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். சங்கு ஊதுவதற்கும் கேட் மூடுவதற்கும் நடுவில் சைக்கிள்கள் எப்படி வெள்ளமாகப் போகும். நள்ளிரவு வண்டியில் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் தண்டவாளம் எப்படி ஓடி ஓடிச் சின்னதாகும். இடையிடையே அவர் கண் உள்ளறைக் கதவுக்குப் போய்வந்தது. நானும் போகவில்லை. பிரிண்டரைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டு, சரியாகிவிட்ட பிரிண்டரையே திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அக்கா தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முதலில் நேரத்தைத்தான் பார்த்தார். எடுத்தது முன்னால், முடிந்தது பின்னால். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. பிறகு எண்ணைப் பார்த்தார். முந்தைய தாளை விட ஒரு சொட்டு அதிகமாகத்தான் இருந்தது, குறையவில்லை.

“பரம்பரைல யாருக்காச்சும் சர்க்கரை இருக்குங்களா?” என்றார் அக்கா.

“எங்கண்ணனுக்கு இருந்துச்சு. கால எடுத்தாங்க.” தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், “அவன் டாக்டர்கிட்ட லேட்டாப் போனான்,” என்றார்.

“நீங்க லேட்டு இல்லீங்க. இப்பத்தான் ஆரம்பம். இன்னிக்கே போயிருங்க.”

அவர் தாளை நாலாக மடித்தார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பி, கார்டு சாரைப் பார்த்துக் கேட்டார்:

“ஏன் சார், கடியாரம் மாதிரி இதுலயும் பத்து கழிச்சுக்க முடியாதா?”

கார்டு சார் பழக்கம் விடாத கையை உயர்த்தி, ஒரு வண்டிக்குக் காட்டுவது போல மெல்ல அசைத்தார். பொன்மலைக்காரர் டாக்டர் வீடு இருக்கும் பக்கம்தான் திரும்பினார். பழைய தாளை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் வந்தார். தனியாக வரவில்லை, பொன்மலையிலிருந்து பழைய சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு, முதல் பஸ்ஸில். அக்காவின் லேபில் காலை நேரம் ஒர்க்‌ஷாப் கேட் மாதிரி ஆகிவிட்டது. கார்டு சார் தன் பத்து நிமிஷத்தைச் சுவருக்கு மாற்றிக்கொண்டார். பில் மேஜைக்கு மேலே ஒரு வட்டக் கடிகாரம் வாங்கி மாட்டினார். கம்ப்யூட்டரில் ஒரு நேரம், சுவரில் ஒரு நேரம். புதிதாக வந்தவர்கள் குழம்புவார்கள். மாமி அவர்களுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்.

இப்போது என் வேலை உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. எங்கோ ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் நேரம் பிசகினால் மன்னார்புரத்திலிருந்தே தட்டிச் சரிசெய்கிறேன். பெரும்பாலும் அதற்கும் தேவையில்லை. எல்லா இயந்திரமும் எங்கிருந்தோ தானே நேரம் வாங்கிக்கொள்கிறது. எல்லார் போனிலும் ஒரே நேரம். போனில் பத்து நிமிஷத்தைக் கூட்டி வைக்க ஒருநாள் முயன்று பார்த்தேன். வைக்கலாம். ஆனால் பணம் அனுப்பும் செயலி திறக்க மறுத்தது, உங்கள் நேரம் தவறு என்றது. திருப்பி வைத்துவிட்டேன்.

போன மாதம் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போக வேண்டியிருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் போனேன். லேபில் இப்போது அக்காவின் மகள். கம்ப்யூட்டர்கள் புதியவை, மெலிந்தவை. கார்டு சார் இல்லை. மூன்று வருஷம் ஆயிற்று என்றாள். பெஞ்சில் பொன்மலைக்காரர் உட்கார்ந்திருந்தார். நன்றாக மெலிந்து, கையில் தடியோடு, இரண்டு காலும் தரையில் ஊன்றியபடி. என்னை அடையாளம் தெரியவில்லை. நான் மணி கேட்டேன், போன் சட்டைப்பையிலேயே இருக்க.

அவர் திரையைப் பார்க்கவில்லை. மணிக்கட்டையும் பார்க்கவில்லை. பில் மேஜைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். அந்த வட்டக் கடிகாரம் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது.

“ஒம்போதே கால்,” என்றார். “ஆனா அவசரமில்ல தம்பி. உக்காருங்க. பத்து நிமிஷம் இருக்கு.”